கமராவோடு சோனகதெருவுக்கு ஒரு பயணம்



இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள். உங்கள் உம்மாவின் சிறுவயதுப் படம் ஒன்றாவது இருக்கிறதா? உம்மாவைப் பெற்றவரின் படம் இருக்கிறதா? இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். உங்களுக்கு அது பெரிய விடயமாகத் தோன்றாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம்கூட இருக்கவில்லை.

காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரியில் கூடும்படி விடுதலைப் புலிகள் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்றார்கள். அந்த ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் குடும்பம் உடுத்த உடையோடும் கையில் சில நூறு ரூபாவோடும் புத்தளம் வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தேடுவார்களா, அல்பத்தைத் தேடுவார்களா? எங்கள் உம்மாவின் கலியாணப் படமும் அவருடைய உம்மாவின் ஒரே படமும் சோனகதெரு வீட்டின் அலுமாரியிலேயே இருந்துவிட்டன.

உம்மும்மா 1996இல் புத்தளத்து முகாமில் மௌத்தானார். அவருடைய முகம் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

நான் கமரா ஒன்றை வாங்கிப் படம் பிடிக்கப் பழகியதற்கு இதுதான் காரணம். பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டாலும் உள்ளே இருந்தது இந்த ஏக்கம்தான். அந்தக் கமராவோடு 2023இல் உம்மாவை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துப் போன கதையையும், வழியில் கற்ற பாடங்களையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்களில் யாராவது ஒரு கமரா வாங்க நினைத்தால் உதவும்.

முதற் பயணத்தில் நடந்த தவறு

2023இல் போனது இரண்டாவது பயணம். முதலில் போனது 2014இல். அப்போது உறவினர் ஒருவரிடம் ஒரு சிறிய டிஜிட்டல் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டின் கூரை போயிருந்தது. ஆனால் சுவர்கள் நின்றன. முன் விறாந்தையின் தூண்கள் நின்றன. குசினிக்குள் ஒரு மரம் முளைத்து, கூரை இருந்த உயரத்துக்கும் மேலே வளர்ந்திருந்தது. உம்மா ஒவ்வோர் அறையாகக் காட்டிக் காட்டி அழுதார். நான் படம் படமாக எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். மெமரி காட்டை அழித்துக் கமராவைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு வருடம் போகுமுன் கணினியின் ஹாட் டிஸ்க் பழுதாகிவிட்டது. திருத்துகிறவர் கையை விரித்துவிட்டார். ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

யோசித்துப் பாருங்கள். 1990இல் எல்லாப் படங்களும் ஒரே அலுமாரியில் இருந்தன, போய்விட்டன. 2014இல் எல்லாப் படங்களும் ஒரே கணினியில் இருந்தன, போய்விட்டன. முதலாவதற்கு நாங்கள் பொறுப்பில்லை. இரண்டாவது என் கவனக்குறைவு.

எந்தக் கமரா வாங்குவது?

“எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, தனியாக ஒரு கமரா எதற்கு?” என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படம் பிடிக்க நல்ல போன் போதும். மங்கிய வெளிச்சமுள்ள விறாந்தை, தூரத்தில் இருக்கும் பறவை, பழைய படத்தைப் பிரதி எடுக்கும் வேலை, இவற்றுக்குத்தான் கமரா கைகொடுக்கிறது.

கடைக்குப் போனால் முதலில் “எத்தனை மெகாபிக்சல்?” என்றுதான் கேட்போம். அதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. ஆறுக்கு நாலு அங்குலப் படம் ஒன்றைத் தெளிவாக அச்சிட இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூடினால் போதும். ஏ4 தாள் அளவில் அச்சிட ஒன்பது மெகாபிக்சல் போதும். இன்று விற்பனைக்கு வரும் பெரும்பாலான கமராக்களில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருக்கும் சென்சரின் அளவு என்ன என்பதுதான். வெளிச்சம் வந்து விழும் சிறு தகடு அது. மழையில் ஒரு சிரட்டையையும் ஓர் அகன்ற தாச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே மழைதான், ஆனால் தாச்சியில்தான் கூடுதலான தண்ணீர் சேரும். சென்சரும் அப்படித்தான். சாதாரணச் சிறிய கமராவில் அது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலம், நாலரை மில்லிமீற்றர் உயரம். ‘ஒரு அங்குல சென்சர்’ என்று விற்கும் கமராவில் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். லென்ஸ் கழற்றி மாட்டும் கமராக்களில் பெரும்பாலும் காணப்படும் ‘ஏபிஎஸ்-சி’ என்ற அளவில் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீற்றர். முதலாவதைவிட இது சுமார் 13 மடங்கு பரப்பு. மஃரிபு நேரத்து மங்கலில் புள்ளி புள்ளியாக இல்லாமல் படம் வருவது இதனால்தான்.

பெரிய சென்சர் என்றால் கமராவும் லென்சும் கனக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு கையில் பிள்ளை, தோளில் பை, மேலே அபாயா என்று பஸ் ஏறுகிறவர்கள் நாங்கள். கனத்தால் வீட்டிலேயே விட்டுப் போகும் பெரிய கமராவைவிட, கூடவே வரும் சிறிய கமரா மேல். நான் பாவித்த ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கமரா ஒன்றைத்தான் வாங்கினேன். அதோடு வந்த 16-50 மில்லிமீற்றர் சிறிய லென்ஸ் ஒன்றே போதுமாக இருந்தது.

பாவித்த கமரா வாங்குவதானால் நாலு விடயங்களைக் கடையிலேயே பாருங்கள். முதலாவது, லென்சைக் கழற்றி ஒரு டோர்ச் வெளிச்சத்தை அதற்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்க வேண்டாம். இரண்டாவது, துவாரத்தை எஃப் 16க்கு வைத்து வெள்ளைத் தாளை அல்லது வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சரில் தூசி உண்டு. மூன்றாவது, சாஜரும் பற்றரியும் சரியாக இருக்கின்றனவா, பற்றரி ஊதிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். நாலாவது, வெளியே வெயிலில் நின்று திரையைப் பாருங்கள். எங்கள் நாட்டு வெயிலில் திரை ஒன்றுமே தெரியாது. அப்படியானால் கண்ணை வைத்துப் பார்க்கும் ‘வியூ பைண்டர்’ உள்ள கமராவே நல்லது.

மூன்று திருகாணிகள்

கமராவில் எத்தனை பொத்தான் இருந்தாலும் பயப்படாதீர்கள். வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவன மூன்றுதான்.

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது துவாரம். அதை எஃப் இலக்கத்தால் குறிப்பார்கள். எஃப் 2.8 என்றால் அகலத் திறந்தது, எஃப் 11 என்றால் ஒடுங்கியது. இலக்கம் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குழாயை எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் வேகம். ஓடித் திரியும் பிள்ளையை எடுக்க ஒரு செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கு வேண்டும். அசையாத சுவருக்கு அறுபதில் ஒரு பங்கு போதும், கை நடுங்காவிட்டால். மூன்றாவது ஐஎஸ்ஓ. அது ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவது போன்றது. கூட்டினால் பேச்சும் கூடும், கரகரப்பும் கூடும். வெயிலில் 100, வீட்டுக்குள் 1600 என்று வைத்துப் பழகுங்கள்.

இந்தக் கலையின் வேரில் எங்கள் முன்னோர் ஒருவர் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் வருடங்களுக்கு முன் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலை எழுதினார். இருட்டறையின் சிறு துளையினூடாக ஒளி எப்படி நேர்கோட்டில் வந்து எதிர்ச்சுவரில் விழுகிறது என்பதை அவர் செய்து பார்த்து ஆராய்ந்தார். ‘கமரா’ என்ற சொல்லே லத்தீன் மொழியில் அறையைக் குறிப்பது. 1975இல் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியியலாளர் செய்த முதல் டிஜிட்டல் கமரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் கனத்தது. ஒரு படத்தைக் கசற் நாடாவில் பதிய 23 செக்கன் எடுத்தது. இன்று எங்கள் கைப்பைக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

பயணம்

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், அங்கிருந்து மதவாச்சி, வவுனியா, பிறகு ஏ9 வீதி. வவுனியாவிலிருந்து குளிரூட்டிய பஸ்ஸில் போனோம். யாழ்ப்பாணத்தில் இறங்கிய உடனே கமராவை வெளியே எடுத்தேன். லென்ஸ் முழுவதும் புகார் படிந்துவிட்டது. குளிரிலிருந்து வெக்கைக்கு வந்தால் அப்படித்தான். துடைக்கக் கூடாது. பையை மூடியபடி இருபது நிமிடம் விட்டால் தானாகச் சரியாகும். அதற்கிடையில் நாங்கள் ஒரு பிளேன்டீ குடித்தோம்.

ஆனையிறவைக் கடக்கும்போது பஸ் யன்னலால் படம் எடுத்திருந்தேன். இரு பக்கமும் நீரேரி, வெளுத்த வானம், தூரத்தில் பனை வரிசை. ஓடும் பஸ்ஸில் ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வையுங்கள். கண்ணாடியில் லென்சை முட்டவிடாமல், ஆனால் கிட்டப் பிடியுங்கள். கண்ணாடியில் உங்கள் முகம் விழாது.

முதலில் பொது நூலகத்துக்குப் போனோம். 1981இல் எரிக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலான இடம். இப்போது வெள்ளை வெளேரென்று நிற்கிறது. ஆனால் என் படத்தில் அது சாம்பல் நிறமாக விழுந்தது. ஏன் தெரியுமா? கமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்தே வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் வெள்ளைச் சுவரையும் இருட்டாக்கிவிடும். கூட்டல் கழித்தல் அடையாளம் போட்ட பொத்தானை ஒன்றுக்குக் கூட்டுங்கள், வெள்ளை வெள்ளையாக வரும். கறுப்பு அபாயா உடுத்த ஒருவரை எடுக்கும்போது இதற்கு எதிர்மாறாகச் செய்யுங்கள். கழித்தலில் ஒன்று வைக்காவிட்டால் அபாயா வெளிறி, முகம் வெளிச்சத்தில் கரைந்துவிடும். எங்கள் பெண்கள் எடுக்கும் படங்களில் அதிகம் காண்பது இந்தக் குறைதான்.

நூலகத்துக்குக் கிட்டவே ஒல்லாந்தர் கோட்டை. போர்த்துக்கீசர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக விரித்துக் கட்டினார்கள். அஸர் தொழுத பிறகு அங்கே போங்கள். நடுப்பகல் வெயில் பவளக்கல் சுவரைத் தட்டையாக்கிவிடும். மாலையில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லின் குழியும் தெரியும்.

சோனகதெரு

மறுநாள் காலை ஐந்துசந்திப் பக்கமாக நடந்தோம். திரும்பி வந்து குடியேறியவர்களின் புது வீடுகள் சில. அவற்றுக்கிடையே கூரையில்லாத சுவர்கள், வாசற்படி மட்டும் எஞ்சிய வளவுகள். உம்மா ஒவ்வொரு வளவையும் அது யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றோம். ஒன்றும் இல்லை. வாப்பாவின் சகோதரர்கள் காணியை விற்றது எங்களுக்குத் தெரியும். வாங்கியவர் பழைய சுவர்களை இடித்துப் புதிதாக அத்திவாரம் போட்டிருந்தார். அவரில் குற்றமில்லை. ஆனால் 2014இல் நான் எடுத்த படங்களைத் தவிர அந்த விறாந்தைக்கு வேறு சாட்சி இருக்கவில்லை. அவையும் என் கையால் போயின. உம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வீதியில் உம்மாவோடு சின்ன வயதில் விளையாடிய ஒரு தமிழ்ப் பெண்மணி இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இருவரும் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கட்டிக்கொண்டார்கள். தேத்தண்ணி வந்தது, பேச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் உள்ளே போய் ஒரு பழைய அல்பத்தோடு வந்தார்.

“இதில நிக்கிறது ஆர் எண்டு பாருங்கோ.”

கறுப்பு வெள்ளைப் படம், உள்ளங்கை அளவு. ஒரு விறாந்தையில் முக்காடு போட்ட ஒரு பெண் கதிரையில் இருக்கிறார். இரண்டு பக்கமும் பன்னிரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி அந்த வீட்டுக்காரி. மற்றவர் எங்கள் உம்மா. நடுவில் இருப்பவர் உம்மும்மா. பின்னால் தெரிவது எங்கள் வீட்டு விறாந்தைத் தூண்.

உம்மா அதைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கட உம்மாக்கு இப்பிடி ஒரு சிரிப்பு இருந்தது, நான் மறந்தே போயிட்டன்” என்றார்.

அந்த அக்கா படத்தைக் கழற்றிக் கொடுக்க வந்தார். உம்மா மறுத்துவிட்டார். “வேணாம் பிள்ளை. அது உன்ர வீட்டிலயே இருக்கட்டும். இவ்வளவு காலமும் நீதானே காப்பாத்தினாய். இவள் ஒண்டு எடுப்பாள். ஒண்டு இஞ்ச, ஒண்டு அங்க.”

அந்தப் படத்தை நான் பிரதி எடுத்த முறையைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். வெயில் நேரே விழாத யன்னல் ஓரத்தில் ஒரு மேசை. மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் படம். பிளாஷ் அடிக்கக் கூடாது, படத்தின் நடுவில் பளபளப்பு விழும். லென்ஸ் படத்துக்கு நேர்மேலே, சரியாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கிக் கமராவை அசையாமல் வைத்தேன். துவாரம் எஃப் 8, ஐஎஸ்ஓ 100. கையால் அமர்த்தினால் அசையும் என்பதால் இரண்டு செக்கன் டைமர். ஒன்றல்ல, பத்துப் படங்கள் எடுத்தேன். பின்பக்கத்தையும் எடுத்தேன். அதில் மை மங்கி ‘1967’ என்று எழுதியிருந்தது. அந்தத் திகதி எங்களுக்குப் படத்தைப் போலவே பெறுமதியானது.

படத்தைப் பேணுவது

அன்றிரவே படங்களைப் போனிலும் ஏற்றினேன். வீட்டுக்கு வந்ததும் கணினியில் ஒன்று, தனியான ஹாட் டிஸ்கில் ஒன்று, கொழும்பிலிருக்கும் தங்கச்சி வீட்டில் ஒரு பென் டிரைவில் ஒன்று. மூன்று பிரதிகள், அதில் ஒன்றாவது வேறு வீட்டில். அதன் பிறகுதான் மெமரி காட்டை அழித்தேன். உம்மும்மாவின் படத்தை அச்சிட்டு, பின்னால் யார், எங்கே, எந்த வருடம் என்று பென்சிலால் எழுதி, சகோதரங்கள் எல்லாருக்கும் கொடுத்தோம். ஒன்றை யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பினோம்.

கமராவையும் பேணுங்கள். எங்கள் கரையோர ஊர்களின் ஈரக்காற்றில் தோல் பையில் போட்டு அலுமாரியில் வைத்தால் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைக்கற்றுகளோடு வையுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் ஈரத்தை இலேசாகப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள்.

இன்னும் ஒன்று. உருவப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்களை எடுப்பதில் மனம் ஒப்பாதவர்களுக்குப் பள்ளிவாசல், பழைய வீடு, மரம், கடல் என்று எடுப்பதற்கு ஏராளம் உண்டு. எடுப்பவர்களும் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஒரு சகோதரியின் படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் எவருக்கும் அனுப்ப வேண்டாம். அது அமானிதம். இந்தக் கதையில் வரும் படத்தை நானும் உங்களுக்குக் காட்டவில்லை. அது எங்கள் வீட்டுக்குள் இருப்பது.

சகோதரிகளே, கமரா வாங்க வசதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கையிலுள்ள போனால் இந்த வெள்ளிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். அலுமாரியிலிருக்கும் மிகப் பழைய படத்தை எடுங்கள். அதில் இருப்பவர்கள் யார் என்று வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு எழுதுங்கள். யன்னல் ஓரத்தில் வைத்து ஒரு பிரதி எடுங்கள். அதை இன்னொரு வீட்டுக்கு, உங்கள் ராத்தாவுக்கோ தங்கச்சிக்கோ அனுப்புங்கள். பேர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள்.

எங்கள் உம்மும்மாவுக்கும், அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பத்துக்கும் துஆச் செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம்.